தெருவுக்கு ஃபைபர் வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் தெருவில் வண்ண வண்ணமாகக் கோடு போட்டிருப்பார்கள். சில நாள் கழித்து ஒரு லாரி வரும், அதன் மேல் ஆள் உயரச் சுருளில் பிளாஸ்டிக் குழாய். என்ன வேலை என்று பக்கத்து வீட்டுக்காரர் உங்களைக் கேட்பார், நீங்கள் அவரைக் கேட்பீர்கள், இருவருக்குமே தெரியாது. எங்கள் தெருவில் இந்த வேலை நடந்தபோது குடியிருப்பவர்கள் சார்பில் ஒப்பந்தக்காரரிடம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கீழே உள்ள பதில்களில் பாதி அப்படிக் கற்றவை. மீதி, வேலை செய்தவர்களை நச்சரித்துக் கேட்டவை.

முதலில், ஃபைபர் என்று உண்மையில் என்னதான் வருகிறது?

கண்ணாடி. தலைமுடியைவிடச் சற்றே தடித்த இழை, 125 மைக்ரான் விட்டம். அதற்குள் ஒளி ஓடுகிற நடுப்பகுதி 9 மைக்ரான் அளவுதான். லேசர் ஒளி நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை மின்னி மின்னி அடங்குவதுதான் உங்கள் வீடியோவும் மின்னஞ்சலும்.

கண்ணாடியில் உள்ள மாசை நீக்கினால் ஒளியை வெகுதூரம் அனுப்பலாம் என்று சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966-இல் எழுதினார்கள். 1970-இல் கார்னிங் நிறுவனத்தார் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்கும் குறைவான இழப்புள்ள இழையைச் செய்து காட்டினார்கள். 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். அதுவே அன்றைக்குப் பெரிய சாதனை. இன்றைய நல்ல இழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல். அன்று ஒரு கிலோமீட்டரில் இழந்த ஒளியை இன்று இழக்க வேண்டுமானால் நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. தெருமுனைப் பெட்டி வரை கண்ணாடி, அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பி என்ற ஏற்பாட்டையும் ‘ஃபைபர்’ என்றே சொல்லி விற்பதுண்டு. “என் வீட்டுச் சுவருக்குள் நுழைவது கண்ணாடியா, செம்பா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

தெருவில் பெயின்ட் அடித்திருக்கிறார்களே, அது எதற்கு?

மண்ணுக்குள் ஏற்கெனவே என்னென்ன போகிறது என்பதன் வரைபடம் அது. எந்த நிறம் எதற்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். வட அமெரிக்க முறையில் சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, வெள்ளை புதிதாகத் தோண்டப்போகும் இடம். வேலை முடியும்வரை அதைக் கழுவி அழிக்க வேண்டாம்.

அந்தக் கோடுகளில் இல்லாத ஒன்று உண்டு: நீங்களே போட்டுக்கொண்டவை. செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாய், கேட் விளக்குக்குப் போகும் ஒயர், முந்தைய உரிமையாளர் புதைத்துவிட்டுப் போன ஏதோ ஒரு பைப். எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இவை இருக்காது. ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு நீங்களே கோடு போட்டு வையுங்கள். எங்கள் தெருவில் உடைந்த குழாய்கள் எல்லாமே இந்த வகைதான்.

தெரு முழுவதையும் தோண்டிப் போடுவார்களா?

அது எந்த முறையில் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே தெருவில் இரண்டு மூன்று முறை கலந்தும் வரும்.

மண்ணுக்கடியில் பழைய குழாய் காலியாக இருந்தால் தோண்டலே இல்லை, கேபிளை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கம்பங்கள் இருந்தால் மேலேயே கட்டிக்கொண்டு போவார்கள். வேகமான வேலை, ஆனால் மரக்கிளை விழுந்தால் அறுந்துபோகும்.

சாலையை வட்ட ரம்பத்தால் அறுத்து, சில சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டு, அதில் குழாயை இறக்கி மூடுவது இன்னொரு வகை. ஒரே நாளில் நீளமான தூரம் முடிந்துவிடும், தூசியும் இரைச்சலும் அந்த ஒரு நாளோடு சரி. ஆனால் ஆழம் குறைவு. நாளைக்கு வேறு யாரோ சாலையைச் சுரண்ட வந்தால் முதலில் மாட்டுவது இந்தக் கேபிள்தான். வேகத்துக்காகக் கொடுக்கும் விலை என்று நினைக்கிறேன், எனக்கு இதில் அவ்வளவு திருப்தி இல்லை.

எனக்குப் பிடித்தது பக்கவாட்டுத் துளை. இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி, நடுவில் தரைக்கடியிலேயே இயந்திரம் துளைத்துக்கொண்டு போகும். மேலே ஒரு ஆள் கையில் கருவியோடு நடந்துகொண்டே துளைமுனை எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பார். துளை இடிந்துவிடாமல் இருக்கப் பெண்டோனைட் என்ற களிமண் கலந்த நீரை உள்ளே செலுத்துவார்கள். சில சமயம் அது வெடிப்பு வழியாகச் சம்பந்தமில்லாத இடத்தில் சாம்பல் நிறச் சேறாகப் பொங்கி வரும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அது களிமண்தான். நீங்கள் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் தள்ளாதீர்கள், அடைத்துக்கொள்ளும். அவர்களைக் கூப்பிட்டு அள்ளச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

உங்கள் வாசலுக்கு நேராக நடக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள். பேட்டை முழுவதும் முடிய மாதங்கள். வேலை தொடர்ச்சியாக நடக்காது என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தோண்டுகிற குழு வேறு, கேபிள் செலுத்துகிற குழு வேறு, இழை ஒட்டுகிற குழு வேறு, வீட்டுக்கு வருபவர் வேறு. ஒரு குழு போய் அடுத்த குழு வருவதற்குள் வாரக்கணக்கில் தெரு வெறிச்சென்று கிடக்கும். வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று எல்லோரும் பேச ஆரம்பிப்பது இந்த நேரத்தில்தான்.

குழியெல்லாம் மூடியாகிவிட்டது. இன்னும் ஏன் இணைப்பு கொடுக்கவில்லை?

மூடியது வெறுங்குழாயாக இருக்கலாம். பல இடங்களில் முதலில் குழாயை மட்டும் புதைப்பார்கள். பிறகு ஒருநாள் கம்ப்ரசரைக் கொண்டுவந்து, அழுத்தக் காற்றோடு சேர்த்துக் கேபிளை உள்ளே ஊதிவிடுவார்கள். காற்றில் மிதந்துகொண்டே ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும்.

அதற்கப்புறம் ஒட்டும் வேலை. வாய்ப்புக் கிடைத்தால் இதை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். தெருவோரம் ஒரு வேன், உள்ளே ஒரு சின்ன மேஜை, மேஜை மேல் இரண்டு கை அகலத்தில் ஒரு இயந்திரம். அவர் இழையின் மேல் பூச்சை உரிப்பார், ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பார், துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். முனையைச் செங்குத்தாக வெட்டி இயந்திரத்தில் வைத்து மூடினால், திரையில் இரண்டு சாம்பல் நிறத் தண்டுகள் இரு பக்கத்திலிருந்தும் நெருங்கி வந்து நேருக்கு நேர் நிற்கும். ஒரு மின்பொறி. இரண்டும் ஒன்றாகிவிடும், எங்கே ஒட்டியது என்று தேடினாலும் தெரியாது. கீழே 0.02 என்று ஓர் எண் வரும். ஒட்டிய இடத்தில் இத்தனை டெசிபெல்தான் இழப்பு என்று கணக்கு. இயந்திரம் ஒட்டுவது சில நொடிதான், உரித்துத் துடைத்து வெட்டித் தட்டில் சுருட்டி வைப்பதுதான் நேரம் தின்னும். ஒரு கேபிளில் 144 இழை இருந்தால் 144 முறை இதையே செய்ய வேண்டும். எது எந்த இழை என்று குழம்பாமல் இருக்க நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று தொடங்கிப் பன்னிரண்டு நிறங்கள். தாமதமாகிறது என்று நான் போட்ட சத்தமெல்லாம் அந்த வேனுக்குள் எட்டிப் பார்த்த அன்றோடு நின்றது.

தோண்டிய இடத்தைப் பழையபடி சரிசெய்து கொடுப்பார்களா?

கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டு தவணையாக. முதலில் மண்ணையும் ஜல்லியையும் போட்டுத் தற்காலிகமாக மூடுவார்கள். மண் இறுகி அமர்ந்த பிறகு நிரந்தரமாகத் தளம் போடுவார்கள். அதனால் முதல் வாரத்தில் கரடுமுரடாக இருந்தால் பதற வேண்டாம். நிரந்தர வேலைக்கு எந்தத் தேதி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு நல்ல மழை பெய்ததும் போய்ப் பாருங்கள். சரியாகத் திமிசு போடாமல் மூடிய குழி அப்போதுதான் உள்வாங்கும்.

வேலை தொடங்குமுன் வாசல் தளம், சுற்றுச்சுவர், நடைபாதைக் கல், கேட் தூண் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசலையும் சேர்த்து எடுங்கள். “இது முன்பே இருந்தது” என்ற பேச்சு வரும்போது அந்தப் படம்தான் இரு பக்கத்துக்கும் சாட்சி.

எனக்கு இணைப்பே வேண்டாம். அப்போதும் என் வீட்டு முன் தோண்டுவார்களா?

பொது இடத்தில் தோண்டுவார்கள். உங்கள் சுற்றுச்சுவருக்குள் கேபிள் கொண்டுவர உங்கள் சம்மதம் வேண்டும். வீட்டு எல்லை வரை ஒரு குழாய்முனையை விட்டுவைக்கிறோம் என்றால் சரி என்று சொல்லிவிடுங்கள் என்பது என் யோசனை. மனம் மாறும்போது மீண்டும் தோண்ட வேண்டியிருக்காது.

வீட்டுக்குள் கேபிள் வரும் நாளில் என்ன நடக்கும்?

இரண்டு மூன்று மணி நேரம் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். வெளிச்சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அங்கிருந்து சுவரில் ஒரு துளை, உள்ளே ஒளியை மின்குறிப்பாக மாற்றும் ஓஎன்டி என்ற பெட்டி, அதனோடு வைஃபை ரவுட்டர். சில இடங்களில் இரண்டும் ஒரே பெட்டி.

துளை போடுவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். அந்தச் சுவருக்குள் மின் ஒயரோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று பார்த்தாரா? துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கிறதா? உள்பக்கம் தாழ்ந்தால் மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். வெளியில் கேபிள் துளைக்குள் நுழையுமுன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். கடைசியில் துளையைச் சுற்றி அடைப்புப் பசை.

வேலை முடிந்ததும் ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள். கையடக்க மீட்டரில் மைனஸ் எண்ணாக வரும். ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், பரவலாகப் புழங்கும் ஜிபான் முறையில் மைனஸ் 15-லிருந்து மைனஸ் 25-க்குள் என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள், அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டி வைத்தால், ஒரு வருடம் கழித்து இணைப்பு படுத்தும்போது கைகொடுக்கும்.

பெட்டியை எங்கே வைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். எந்த வேகத் திட்டம் எடுப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறோம். பெட்டி எங்கே என்பதை ஆள் வந்து நின்றபிறகு அரை நிமிடத்தில் முடிவு செய்கிறோம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் நல்ல மனிதர். “எங்கே சார் வைக்கணும்?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். நானும் மரியாதையாக, “உங்களுக்கு எங்கே வசதியோ” என்றேன். அவருக்கு வசதியான இடம் வாசற்கதவுக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்கு மேலே. வெளிச்சுவரிலிருந்து ஒரு மீட்டர் கேபிளில் வேலை முடிந்தது. வேலை செய்கிற மேஜை இருப்பதோ கடைசி அறையில், இடையில் இரண்டு கான்கிரீட் சுவர். அந்த அறையில் வைஃபை ஒரு கோடு வரும், போகும். கதவைத் திறந்து வைத்தால் பெட்டியில் இடிக்கும். மாற்றித்தரக் கூப்பிட்டால் புதிய வேலையாகக் கணக்கு.

ஆகவே அவர் வருவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்து, அங்கே ஒரு காகிதம் ஒட்டி வைத்துவிடுங்கள். வீட்டின் நடுப்பகுதி, இடுப்புக்கு மேல் உயரம், திறந்த இடம், பக்கத்தில் இரண்டு பிளக் பாயின்ட். இரும்பு அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், மீன் தொட்டி ஓரம் வேண்டாம். உலோகமும் தண்ணீரும் வைஃபையை விழுங்கும். கேபிள் அவ்வளவு தூரம் வராது என்றால், ஓஎன்டி வாசலருகே இருக்கட்டும், அங்கிருந்து ஒரு லேன் கேபிளை நடுவீட்டுக்கு இழுத்து ரவுட்டரை அங்கே வையுங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறோம். வாடகைக்கு இருக்கிறோம்.

அடுக்குமாடியில் மாடிக்கு மாடி போகும் கேபிள் குழி வழியாக முதலில் கட்டடத்துக்கே ஒரு கேபிள் ஏற வேண்டும், அதற்குச் சங்கமோ உரிமையாளரோ அனுமதி தர வேண்டும். ஒரு வீட்டுக்காரர் மட்டும் கேட்டு நடப்பது அபூர்வம். வாடகைக்காரர்கள் சுவரில் துளை போடுவதற்கு வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். எங்கே துளை என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

பழைய இணைப்பை எப்போது நிறுத்துவது?

புதியது ஓடி இரண்டு வாரமாவது ஆகட்டும். ஒரு மாதக் கட்டணம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. ‘வேலை முடியும் தேதி’யை நம்பிப் பழையதை முன்கூட்டியே வெட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று வீடு.

கரன்ட் போனால் இன்டர்நெட் இருக்குமா?

தெருவில் இருப்பது கண்ணாடியும், ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் மின்சாரம் தேவையில்லாத பிரிப்பானும்தான். மறுமுனையில் நிறுவனத்தின் நிலையத்தில் பேட்டரி இருக்கும். ஆக, மின்சாரம் வேண்டியது உங்கள் வீட்டுப் பெட்டிகளுக்கு மட்டும். இரண்டும் சேர்ந்து பொதுவாக 10 முதல் 20 வாட் இழுக்கும். ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் போதும். வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் மாட்டிவிட்டு இருட்டில் விழிப்பவர்கள் உண்டு.

பழைய லேண்ட்லைன் என்ன ஆகும்?

செம்புக் கம்பி போன் நிலையத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டது, அதனால் கரன்ட் இல்லாத நேரத்திலும் அடித்தது. ஃபைபரில் போன் ஓஎன்டியில் செருகப்படும்; பெட்டி அணைந்தால் போனும் ஊமை. வீட்டு அலாரம், லிஃப்ட்டின் அவசர போன், முதியவர்களின் அவசர அழைப்புக் கருவி ஏதாவது பழைய லைனில் தொங்குகிறதா என்று மாறுவதற்கு முன்பே பாருங்கள்.

1000 எம்பிபிஎஸ் எடுத்தேன், 300தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

போனில் வைஃபையில் அளந்திருப்பீர்கள். ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் மாட்டி அளந்து பாருங்கள். 940-ஐ ஒட்டி வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை, மீதி தகவலைச் சுற்றிப்போகும் உறைகளுக்குப் போய்விடும். 94 போல வந்தால் கேபிளிலோ போர்ட்டிலோ கோளாறு: லேன் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பியும் ஒழுங்காக இருந்தால்தான் 1000 ஓடும், ஒன்று விட்டுப்போனாலும் 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, இது பிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது பைட்டில் காட்டும். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்.

பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்கிறோமா?

ஆமாம். ஜிபான் முறையில் ஓர் இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியலாம். மொத்தமாக இறங்க 2.5 ஜிபிபிஎஸ், ஏற 1.25. புதிய எக்ஸ்ஜிஎஸ்-பான் முறையில் இரண்டு பக்கமும் 10. எல்லோரும் ஒரே நொடியில் உச்சத்தில் இழுப்பதில்லை என்பதால் பெரும்பாலும் தெரியாது. இரவு ஒன்பது மணிக்குத் தினமும் வேகம் படுத்துவிட்டால் நிலையத்திலிருந்து வெளியே போகும் பாதையில்தான் நெரிசல் இருக்க வாய்ப்பு அதிகம்.

கதிர்வீச்சு, ஆபத்து ஏதும் உண்டா?

கேபிளிலிருந்து எதுவும் வெளியே வராது. ஆனால் கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் கண் இமைக்கவும் செய்யாது.

நிஜமான தொல்லை வேறு: வெட்டி எறிந்த இழைத் துணுக்கு. கண்ணுக்குப் படாத கண்ணாடி முள். காலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். தொழில் தெரிந்தவர் துணுக்குகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டே வேலை செய்வார். அப்படிச் செய்யாவிட்டால் கேளுங்கள், அவர் போனதும் ஒட்டும் டேப்பால் தரையை ஒற்றி எடுங்கள். தவழும் குழந்தையை அந்த ஒரு மணி நேரம் அடுத்த அறையில் வைத்திருங்கள்.

கேபிளை மடிக்கலாமா? பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது.

இரண்டும் ஒரே கேள்விதான், பாதி நேரம். இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். நன்றாக வளையும் இழைகள் வந்துவிட்டன என்றாலும், டம்ளர் வாயளவு வட்டத்துக்குக் குறையாமல் சுற்றி வைப்பது நல்லது. ஆணியடித்துக் கவ்வாதீர்கள், சோபாக் காலுக்கடியில் விடாதீர்கள்.

எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். எங்காவது நசுங்கியிருக்கிறதா, பெட்டியில் செருகியிருக்கும் பச்சை முனை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றி ஊதுவதும் சட்டையில் துடைப்பதும் கூடாது. 9 மைக்ரான் வழியில் ஒரு தூசி ஒரு பாறை. நீல முனையுள்ள வேறு கேபிளைச் செருகிப் பார்க்கவும் வேண்டாம், பச்சை முனை எட்டு டிகிரி சாய்வாக வெட்டப்பட்டது, இரண்டும் பொருந்தாது. வாடிக்கையாளர் சேவையில் “நெட் வரவில்லை” என்பதற்குப் பதிலாக “எல்ஓஎஸ் சிவப்பு” என்று சொல்லுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பாட்டு பெருமளவு குறையும்.

வெளியூரிலிருந்து வீட்டு கேமராவைப் பார்க்க முடியவில்லை. முன்பு முடிந்தது.

ரவுட்டரின் அமைப்புத் திரையில் காட்டும் வெளி ஐபி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து கதவைத் தட்ட வழியில்லை. தனி முகவரி கேட்டு வாங்கலாம், அல்லது நிறுவனத்தின் சர்வர் வழியாக இயங்கும் கேமரா ஆப்பைப் பயன்படுத்தலாம்.

வீடு மாறினால் பெட்டியை எடுத்துப் போகலாமா?

ஓஎன்டி அதன் வரிசை எண்ணோடு அந்த லைனில் பதிவாகியிருக்கும், வேறு வீட்டில் மாட்டினால் தானாக ஓடாது. நிறுவனத்தின் உடைமை என்றால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் வரும் கேபிளை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள், அடுத்து வருபவருக்கு அதே போதும். கழற்றிய பச்சை முனைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருந்திருக்கும். தேடிப் பிடித்து மாட்டிவிட்டு வாருங்கள்.